பலாவடியில் ட்ராக்டர் அகப்பட்ட படலம்

வாழ்க சடையன்! ஜவ்வாது மலையின் சாமைக் கொல்லைகளுக்கு நடுவே பலாவும் புளியும் எலுமிச்சையும் குடைவிரித்து நிற்கும் வீட்டுத் தோட்டத்துக்குத் தனிப்பெருந்தலைவன்; மேழிபிடித்துக் காய்த்த கரத்தினன்; கரடி வந்தாலும் கலங்காத நெஞ்சினன், மனைவி செல்லி குரலுயர்த்தினால் மட்டும் சற்றே கலங்குபவன்; எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை மாதத்தில், கோடை மழை பெய்து ஈரம் காயாத ஒரு காலைப்பொழுதில், அப்பெருவீரன் ஆற்றிய அரும்போரைச் சொல்லப் புகுந்தோம். மலைகாக்கும் வேடியப்பா, இதைச் சிரிக்காமல் சொல்லிமுடிக்கும் வல்லமையை எமக்கு அருள்வாயாக. நடுவில் சிரித்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதே.

போருக்கு மூலம் மாடு. செவலை, மயிலை என்னும் திருநாமம் பூண்ட இரண்டு காளைகள், ஏரிழுத்து ஏரிழுத்து வயதேறி, மரத்தடியில் உழும்போதெல்லாம் தாழ்ந்த கிளை கண்ட இடத்தில் நின்று தழை கடித்து அசைபோட்டு, அடித்தாலும் நகராமல் அறவழி நின்றன. "இதுங்களோட இனிமே மாரடிக்க முடியாது" என்று சூளுரைத்த சடையன், மலையடிவாரத்து ஆலங்காயத்தில் யந்திரங்களை வாடகைக்கு விடும் சைபுல்லாவைக் கண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பின்னால் நடந்தே ஓட்டும் சின்ன ட்ராக்டர் ஒன்றை லாரியில் ஏற்றி மலைமேல் கொண்டுவந்துவிட்டான். உழவு ட்ராக்டருக்கு, மாடு சந்தைக்கு. அவன் கணக்கு அவ்வளவுதான்.

செல்லிக்கு இது பொறுக்கவில்லை. கன்றிலிருந்து கஞ்சித்தண்ணீர் காட்டி அவள் வளர்த்த மாடுகள் அவை. தேய்ந்துபோன காளையைச் சந்தையில் உழவுக்கென்று வாங்குவார் எவருமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே கொண்டையை இறுக்கி, தோட்டத்து வாசலில் நின்று, மலை கேட்க முழங்கினாள்: "உச்சிவெயிலுக்கு முன்னாடி தோட்டம் மொத்தமும் உழுதுட்டீன்னா மாட்ட ஓட்டிக்கினு போ, நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். உழுவலன்னா, மாடு விக்கிற பேச்சே இந்த வூட்ல வரக்கூடாது." சடையன் மீசையை முறுக்கி ஒப்புக்கொண்டான். ட்ராக்டரோடு மலையேறி வந்திருந்த சைபுல்லாவே சாட்சி.

சூடம் கொளுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏர்பிடிக்கும் பூமியில் செருப்பு கூடாதென்னும் முன்னோர் முறைப்படி வெறுங்காலோடு வந்து, அம்மாவீரன் கைப்பிடியைப் பற்றினான். அடடா, அந்த முழக்கத்தை என்னென்பது! இருமித் தும்மி, கரும்புகை கக்கி, வானரசேனை புளியங்கிளை விட்டோட, கோழிப்படை கூரையேறிக் கொக்கரிக்க, சுழலும் கத்திகளால் ஈரமண்ணைக் கிழித்துக் கிளறிப் புரட்டி, நுகத்தடி நுழையாத எலுமிச்சைச் சந்துகளிலெல்லாம் நுழைந்து, எந்தக் கிளையிலும் ஒரு தழைகூடக் கடிக்காமல் சென்றது அந்த இரும்புக் காளை. பொழுது உச்சியேற இன்னும் இருந்தது. உழவேண்டிய இடமோ கிழப்பலாவின் அடி மட்டுமே.

செல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கண்டும் காணாதவன்போல், வெற்றிச்செருக்கு தலைக்கேறிய சடையன் திருவாய் மலர்ந்தான்: "இன்னாமே பாக்கற? கவுத்த அவுத்து வெய்யி. சந்தைக்கு நேரமாவுது." சொல்லிவிட்டுப் பலாவடிக்குள் ட்ராக்டரை விட்டான்.

ஐயகோ, இங்கே ஒரு மலைவழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். வேரடியில் காய்க்கும் பலாக்காய்களைக் கரடி மோப்பம் பிடித்துவிடாமலிருக்க, முற்றுவதற்கு முன்பே மண்ணணைத்துச் சருகு பரப்பி மூடிவைப்பது அவ்வூரார் வழக்கம். சென்ற மாதம் இப்பலாவின் காய்களை அப்படி மூடியவன் யார்? சடையனேதான். மிதித்து, நிரவி, சுள்ளி போட்டு, இங்கே காயென்று ஒன்று காய்த்ததே இல்லை என்று பூமித்தாயே சத்தியம் செய்யும்படி மூடினான். மூடிய வேகத்தில் மறந்தும் போனான். கரடி தேடிக் காணாத காய்களை ட்ராக்டர் கண்டுபிடித்தது.

அகப்பட்டவை அத்தனையும் பிஞ்சுமல்லாத பழமுமல்லாத பால்காய்கள். வெட்டுண்ட காயெல்லாம் வெண்குருதி பீச்சி, நாரும் சருகும் ஈரமண்ணும் அப்பாலோடு பிசைந்து, கத்திக்குக் கத்தி கட்டிப் புரண்டு இறுக, முழங்கிய யந்திரம் முனகி, முனகியது விக்கி, விக்கியது நின்றது. சினந்த சடையன் கையை விட்டுப் பிடுங்கினான், கை ஒட்டியது. துண்டால் துடைத்தான்; துண்டும் ஒட்டியது. மீசையைத் தடவினான், அதைப் பற்றி நாம் பேசவேண்டாம். ஓடிவந்து குனிந்து பார்த்த சைபுல்லா, "இன்னாண்ணே, பூமிக்குள்ள இன்னாத்த பொதச்சி வெச்சிருக்கீங்க?" என்றான். "மூடனது நான்தான் பாய்" என்றான் சடையன், மெல்லிய குரலில். உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது.

செல்லி சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை குத்திக்காட்டவுமில்லை. கொட்டகைக்குப் போய் மாடுகளை அவிழ்த்து வந்து, "நவுருங்க ரெண்டு பேரும்" என்று மட்டும் சொன்னாள். பிறகென்ன! அனல்மூச்சு அடங்கிய இரும்புக் காளையை வடக்கயிற்றால் அவள் பிணிக்க, செவ்வேள்விச் செந்தீ நிறத்துச் செவலையும், சாம்பல்முகில் வண்ணத்து மயிலையும், திமில் நிமிர்த்திக் கொம்பசைத்து, பலாவடியிலிருந்து பாதைவரைக்கும் இழுத்த அந்த இழுப்பைக் கண்டு மலைமுகடுகள் மெய்சிலிர்த்தன, குரங்குகள் கிளைக்குத் திரும்பிக் கொக்கரித்தன, வேடியப்பனும் வாய்விட்டுச் சிரித்திருப்பான். நாமும் சிரித்துவிட்டோம்.

மீதியிருந்த பலாவடியைச் செல்லி மாட்டைப் பூட்டி உழுதாள். சடையன் சாயங்காலம்வரைக்கும் உட்கார்ந்து விளக்கெண்ணெய் போட்டுக் கை கழுவினான்.