நாக்கடியில் மூணு சொட்டு

முழங்கால் வலி போயே ஆகணும். போனது மட்டும் பெண்டாட்டி பாஞ்சாலிக்குத் தெரியக் கூடாது. அறுபத்தெட்டு வயசில் முத்துகிருஷ்ணன் எடுத்த பெரிய தீர்மானம் இது.

காரணம் உண்டு. காவாந்தண்டலம் பால் சொசைட்டிக்கு விடியற்காலையில் இரண்டு கேன் தூக்கிப் போன மனிதர், முட்டி வலி வந்த பிறகுதான் ஏழு மணி வரை தூங்கக் கற்றுக்கொண்டார். கேன் பாஞ்சாலி கைக்கு மாறியது. வலி வேண்டாம், தூக்கம் வேண்டும். இதில் என்ன தப்பு?

காஞ்சிபுரத்து ஆயுர்வேத டாக்டர் சீட்டெழுதிக் கொடுத்தார். கஞ்சா இலையில் எடுத்த எண்ணெய்.

"பயப்படாதீங்க பெரியவரே, போதை ஏறாது. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. நாக்குக்கு அடியில மூணு சொட்டு விட்டுப் பாருங்க."

பாட்டிலைச் சவரப் பெட்டிக்குள் ஒளித்தார். பாஞ்சாலி தொடாத ஒரே பெட்டி அதுதான்.

பதினைந்து நாளில் வலி பாதிக்கு மேல் விட்டுப்போச்சு. மனிதர் விந்தி விந்தியே நடந்தார்.

"இன்னாயா, இன்னும் வலிக்கிதா?"

"உயிரு போவுதுடி."

"அய்யோ பாவம். நீ படு."

மூன்றாம் வாரம் நடிப்பு மெருகேறியது. குந்தி எழுந்தால் கண்ணில் தண்ணீரே வந்தது. என்னமா நடிக்கிறோம் என்று அவரே அசந்துபோனார். அதைவிட அதிசயம், பாட்டிலில் எண்ணெய் குறையவே இல்லை. பெருமாள் கிருபை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒருநாள் வலி தாங்காமல் ஐந்து மணிக்கே விழித்துவிட்டார். பாஞ்சாலி கைக்கொரு கேனோடு சின்னப் பொண்ணு மாதிரி திடுதிடுவென்று படி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"உனுக்கும் முட்டி வலின்னியேடி?"

"இருந்திச்சி. உன் டாக்டராண்டயே போயி காட்டினேன். 'வூட்டுக்காரருக்குக் குடுத்த அதே எண்ணெதாம்மா'ன்னாரு. வூட்லயே கீது, இன்னொரு பாட்டிலு இன்னாத்துக்கு? தேடி எடுத்துக்கினேன்."

"அப்ப நான் தெனம் விட்டுக்கினு இருந்தது?"

"நல்லெண்ண. கொறைய கொறைய நான்தான் ஊத்தி வெச்சேன். பால்ல தண்ணி சேக்கறவளுக்கு இது ஒரு வேலையா?"

முத்துகிருஷ்ணனுக்கு அழுகை முட்டியது. "நெஜமாவே வலிக்கிதுடி. எனுக்கும் ரவ குடேன்."

"தரேன்யா. தராம இன்னா?"

இரண்டு கேனையும் அவர் காலடியில் இறக்கி வைத்தாள்.

"சொசைட்டிக்குப் போயிட்டு வா. மூணு சொட்டு."