கொம்பையா தலையில் ஏழாவது கூடு

ஒரு காட்டில், காடு என்றால் பிரமாதமாக எதுவும் இல்லை, ஓர் ஓடை, இருபது ஈச்சமரம், நடுவில் ஒரு செல்போன் டவர், அவ்வளவுதான், அதில் செங்கோடன் என்ற ஆண் தூக்கணாங்குருவி இருந்தான்.

தூக்கணாங்குருவிகளின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூடு கட்டுவது ஆண். பாதி கட்டி நிறுத்திவிடும். அப்போது அது கவிழ்த்த தொப்பி மாதிரி தொங்கும். பெண் வந்து உட்கார்ந்து, நாரை இழுத்துப் பார்த்து, சரி என்றால் மீதியைக் கட்டலாம். வேண்டாம் என்றால் அடுத்ததை ஆரம்பிக்க வேண்டும். மழை பிடிப்பதற்குள் ஒரு கூடாவது தேறாவிட்டால் அந்த வருஷம் குடும்பம் கிடையாது.

செங்கோடனுக்கு ஆறு கூடு போய்விட்டது. ஆறையும் வேண்டாம் என்றவள் அம்சவேணி. காட்டில் வேறு பெண்ணே இல்லையா என்று கேட்காதீர்கள். நிறைய இருந்தார்கள். இவன் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

ஏழாவது கூட்டில் அம்சவேணி வந்து உட்கார்ந்தாள்.

"கலர் இது ஒண்ணுதானா?"

"நாணலுக்கு ஒரே கலர்தாங்க."

"பக்கத்து மரத்துல களிமண்ணெல்லாம் பூசியிருக்காங்க."

"நானும் பூசியிருக்கேங்க. உங்க மூக்குக்கு நேரா இருக்கு பாருங்க."

அவள் பார்த்தாள். "ம். வேண்டாம்ங்க," என்று சொல்லிப் பறந்துவிட்டாள்.

 செங்கோடன் கூடு தொங்கிய நாரைக் கோபத்தில் கடித்துத் துண்டாக்கினான். கூடு நேராகக் கீழே போய், தூங்கிக்கொண்டிருந்த கொம்பையா என்ற காட்டுப்பன்றியின் தலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. கோரைப்பற்களில் நார் மாட்டிக்கொண்டது. பன்றிக்குக் கழுத்தும் கிடையாது, கையும் கிடையாது. எப்படிக் கழற்றுவார், பாவம்.

வெட்கத்தோடு அவர் ஓடைக்கு நடந்தபோது, சுற்றுலா வந்தவர்களிடம் பிடுங்கிய போனோடு மரத்தில் இருந்த டில்லிபாபு என்ற குரங்கு படமெடுத்து, காட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது. 'இன்று பாதையில் பார்த்த ஸ்டைல்.'

மத்தியானத்துக்குள் காடே கொம்பையாவைச் சூழ்ந்துகொண்டது. பிறந்ததிலிருந்து அவரை யாரும் நின்று பார்த்ததில்லை. பார்த்தவர்களெல்லாம் ஓடித்தான் இருக்கிறார்கள்.

"எங்க வாங்கினீங்க?" என்றது மயில்.

"வாங்கறதாவது. எனக்குன்னு சொல்லிச் செஞ்சது," என்றார் கொம்பையா, கூசாமல்.

மறுநாள் செங்கோடனின் ஈச்சமரத்தடியில் அதே மாதிரி தொப்பிக்கு வரிசை. டோக்கன். டில்லிபாபு இலையில் ஒரு விண்ணப்பம் அடித்துக் கொடுத்தது: தலைச் சுற்றளவு, கொம்பு உண்டா, காது உள்ளேயா வெளியேயா. முயல் மூன்றாவது கேள்வியிலேயே அழுதுவிட்டது.

கலை தெரிந்தவர் என்று காட்டில் பெயரெடுத்த ஆந்தை பகலில் கண் திறந்து வந்து பார்த்தார். "முடிக்காம விட்டான் பாருங்க, அந்தத் துணிச்சல்தான் கலை," என்றார்.

"துணிச்சல் இல்லீங்கய்யா. அந்தப் பொண்ணு வேண்டாம்னுட்டா," என்றான் செங்கோடன்.

"அப்ப வேண்டாம்னு சொன்னதுதான் அசல்," என்றார் ஆந்தை.

போச்சா. அன்றிலிருந்து அம்சவேணி உட்கார்ந்து பார்த்து 'வேண்டாம்' என்று சொன்ன கூட்டைத்தான் வாங்குவோம் என்று எல்லாரும் அடம்பிடித்தார்கள். செங்கோடன் கட்டினான். அவள் வேண்டாம் என்றாள். மான் மாட்டிக்கொண்டு போனது. கட்டினான், வேண்டாம் என்றாள், நரி மாட்டிக்கொண்டது. ஒரு நாளைக்கு நாலு தடவை, அதுவும் வரிசைக்கு முன்னால், அதுவும் கைதட்டலோடு நிராகரிக்கப்பட்ட மாப்பிள்ளை உலகத்திலேயே இவன் ஒருவன்தான்.

மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. செங்கோடன் டோக்கன்களை ஓரம் தள்ளிவிட்டு, நல்ல நாராகப் பார்த்து ஒரு கூடு கட்டினான். அம்சவேணியைக் கூப்பிட்டான்.

"இது ஆர்டர் இல்லீங்க. நமக்கு. மழை வரப்போகுது. மனசுல இருக்கறதச் சொல்லிடுங்க."

அவள் உட்கார்ந்து நாரை இழுத்துப் பார்த்தாள். "வேண்டாம்ங்க," என்றாள். அவன் நாரைக் கடிக்கப் போனான். அவள் தடுத்தாள். "எனக்கு அந்த ஏழாவது கூடுதாங்க வேணும்."

"அது பன்றி தலையில இருக்குங்க."

"அங்க பார்த்த பிறகுதான் அது எவ்வளவு அழகுன்னே தெரிஞ்சுது."

அவனுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. கொம்பையாவிடம் ஓடினான். "அண்ணே, அதைக் கழட்டிக் கொடுத்துருங்கண்ணே. என் வாழ்க்கையே அதுலதான் இருக்கு."

"என் வாழ்க்கையும் அதுலதான்ப்பா இருக்கு. கழட்டினா திரும்பவும் நான் வெறும் பன்றி," என்றார் கொம்பையா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொஞ்சம் யோசித்து, "வேணும்னா இங்கேயே குடி வந்துருங்க," என்றார்.

முதல் தூறல் விழும்போது செங்கோடன் மீதியைக் கட்டினான். அடிப்பாகம் நெய்ய வேண்டியதே இல்லை, கொம்பையாவின் தலையே தரை. வாசல் அவர் இடது காதோரம் தொங்கியது. அம்சவேணி மூன்று முட்டை இட்டாள். மழைக்காலம் முழுக்கக் கொம்பையா தலையை ஆட்டாமல் நடந்தார், கிழங்கு தோண்டக்கூடக் குனியவில்லை. பாதி உடம்பாக இளைத்துவிட்டார். அதையும் ஸ்டைல் என்றார்கள்.

குஞ்சுகள் எட்டிப் பார்த்த படம் குரூப்பில் வந்த அன்று, காட்டில் அத்தனை பேரும் பழைய தொப்பியை ஓடையில் வீசிவிட்டு ஈச்சமரத்தடியில் வரிசையில் நின்றார்கள். விண்ணப்பத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்ந்திருந்தது: குஞ்சு எத்தனை வேண்டும்? மயில் நாலு என்று எழுதியது.

நீதி: நல்ல கூடு கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. அது சரியான பன்றியின் தலையில் விழவும் வேண்டும்.