காகத்தின் சொந்தக்காரர்

ரொறன்ரோவிலிருந்து மூன்றாவது காகமும் திரும்பி வந்துவிட்டது.

“இந்தக் காகப் படத்துக்கும் கொப்பிரைட் உண்டு. இன்று கொழும்பு நேரம் மாலை ஐந்து மணிக்குள் சரியான படம் வராவிட்டால், பாடத்தை வேறு ஆசிரியருக்குக் கொடுத்துவிடுவோம்” என்றது மின்னஞ்சல்.

நாகேந்திரம் மாஸ்டர் தலையில் கைவைத்தார். யுத்தத்துக்குப் பயந்து பிள்ளைகள் வராமல் அவருடைய வெள்ளவத்தை ரியூட்டரி வகுப்பு மூடி எட்டு மாதம். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கான இந்த இணையவழி விலங்கியல் பாடம் ஒன்றுதான் கையில் மிஞ்சியிருந்தது.

“காகத்துக்கு என்னப்பா கொப்பிரைட்? அதைப் பெத்த காகமே கேக்கேல்ல!”

“ஊர் முழுக்கக் காகம். ஒண்டை நீங்களே எடுங்கோவன்,” என்றாள் மனைவி கனகேஸ்வரி.

கமெராவோடு பல்கனிக்குப் போய் எடுத்தார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு அலறினாள்.

“ஐயோ, பின்னால றெயில் பாதை தெரியுது! அழியுங்கோ! ஆரும் பாத்தால் குண்டு வைக்க வேவு பாக்கிறார் எண்டு உங்களை அள்ளிக்கொண்டு போயிடுவாங்கள்.”

அழித்தார். சுவர்ப் பக்கமாக ஒரு காகத்தை வரவழைக்கலாம் என்று பொரித்த மீன் துண்டொன்றை வைத்தார். ஒன்றைக் கூப்பிட்டால் ஒன்றா வரும்? வட்டாரமே வந்தது. கீழ்வீட்டு நளீபாவின் கொடியில் காய்ந்த துணிகள் மேலெல்லாம் எச்சம்.

“என்ட உடுப்பெல்லாம் நாசமாப் பெய்த்து மாஸ்டர்!”

அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. மீனைத் தூக்கிய காகம் ஒழுங்கை முனைக்குப் பறந்தது. மாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். காகம் போய் இருந்த இடம் நல்ல வெளிச்சமான இடம்தான். அவர் கண்ணுக்கு ஐந்து மணி மட்டுமே தெரிந்தது, அங்கிருந்த காவலரணின் மண்மூட்டையும் துவக்கும் தெரியவில்லை.

கிளிக்.

விசில் ஊதியது. காவலரணுக்குள்ளிருந்து சார்ஜன்ட் வந்தார். அவருக்குத் தமிழ் ஓரளவு வரும்.

“ஐடென்டிடி! எதுக்கு எங்கட சென்றியப் படம் எடுக்கிறது?”

“சேர், சென்றி இல்லை, காகம்! கபுடா!”

“கபுடா இன்டர்நெட்ல நிறைய இருக்குத்தானே?”

“அதுகளுக்கு எல்லாம் கொப்பிரைட் சேர்.”

சார்ஜன்டின் சந்தேகம் இரட்டிப்பானது. களவு சீடி தெருவெல்லாம் விற்கும் ஊரில் கொப்பிரைட்டுக்குப் பயந்த மனிதன் ஒருவனை அவர் அன்றுதான் பார்க்கிறார். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் பார்த்தார். மாஸ்டரும் விடவில்லை. தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூன்றிலுமாக முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். எவர் எடுத்தாரோ அவருக்கே படம் சொந்தம், கேட்காமல் பாவித்தால் களவு, எழுத்தில் அனுமதி வேண்டும். கடைசியில் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“இன்னும் இருபது நிமிசம்தான் சேர். இந்த வேலையும் போனா நான் என்ன செய்யிறது?”

சார்ஜன்ட் பெருமூச்சு விட்டார். மாஸ்டர் எடுத்த படத்தை அவரைக் கொண்டே அழிக்க வைத்தார்.

“உங்கள எடுக்க விட ஏலாது. தாங்க, நான் எடுக்கிறன்.”

மண்மூட்டை படாமல், துவக்குப் படாமல், காகமும் வானமும் மட்டும். படம் அருமையாக வந்தது. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நிமிடம் இருக்கிறது, ஓடினால் அனுப்பிவிடலாம். நன்றி சொல்லிக் கமெராவுக்குக் கை நீட்டினார்.

சார்ஜன்ட் கொடுக்கவில்லை.

“பொறுங்க மாஸ்டர், இப்ப இது என்ட படம்தானே? அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதித் தாங்க, திங்கக்கிழம யோசிச்சுச் சொல்றன்.”