அத்தானின் மீசையும் நானும்

மீசையோடு வந்த ஆளை மீசையோடு திருப்பி அனுப்புவது ஒரு சிற்பியின் குறைந்தபட்ச நாணயம். எனக்கு அது இருக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பினாங்கில், டத்தோ கிராமாட் பகுதியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். களிமண்ணில் நாலைந்து தலைகள் செய்துவிட்டு, பினாங்கிலேயே பெரிய சிற்பி நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (வேறு சிற்பி யாரேனும் உண்டா என்று விசாரிக்கவில்லை.)

அக்காவின் கணவர், என் அத்தான், துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் மீசையைக் கண்டால் கப்பலே சற்று ஒதுங்கும். வாசகசாலைத் தலைவரானதும், "அங்க நம்ம தலை ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும் லா, மாப்ளே" என்றார்.

முகத்திலேயே பிளாஸ்டர் பூசி அச்செடுக்கிறேன் என்றேன். பெஞ்சில் படுக்கவைத்து, மூச்சு விட மூக்கில் இரண்டு மெல்லிய பப்பாளி இலைக் காம்புகளைச் செருகி, நெற்றி, இமை, கன்னம் எல்லாம் பிளாஸ்டர் ஒட்டாமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவினேன். மீசையை மறந்துவிட்டேன். ("அவ்வளவு பெரிசை எப்படிடா மறந்தே?" என்று அக்கா இன்றும் கேட்கிறாள்.)

பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். அத்தான் "ம்ம்ம்" என்று கையை ஆட்டினார். திருப்தி என்று எடுத்துக்கொண்டேன். பிறகு இழுத்தேன். அச்சு கழலவில்லை, அதோடு அத்தானும் எழுந்து வந்தார்.

அக்கா கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். "அடப்பாவி, நாளைக்கு வாசகசாலையில குரூப் போட்டோடா!"

அச்சைக் கழற்றியபோது பாதி மீசை உள்ளேயே தங்கிவிட்டது. மீதியை அத்தானே மழித்தார். மறுநாள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவரைப் பார்த்து, "யாருப்பா இது, புதுசா?" என்று ஒருவர் கேட்டாராம்.

அத்தான் வீட்டை விட்டுத் துரத்துவார் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். "இனிமே என் மூஞ்சியத் தொடாதே. எட்ட உக்காந்து என்ன வேணும்னாலும் செய்" என்றார். அவ்வளவுதான்.

தரைவிரிப்புக் கடைச் சீனர் ஒருவர், தரையில் விரிக்கும் மிருதுவான லினோலியத்தில் மிஞ்சிய துண்டொன்றைத் தந்தார். மை தடவித் தாளில் அச்செடுக்கலாமென்று அதில் அத்தானின் முகத்தை ஒரு வாரம் செதுக்கினேன். மீசையை மட்டும் ஒவ்வொரு முடியாக, ஆழமாக. மை உருட்டி, தாளை அழுத்தி எடுத்தபோதுதான் உறைத்தது: செதுக்கிய பள்ளத்தில் மை ஒட்டாது. தாளில் அத்தான் பஞ்சுபோன்ற வெள்ளை மீசையோடு இருந்தார்.

"ரெண்டாந் தடவையும் கை வச்சிட்டான் பாரு!" என்றார் அத்தான்.

அக்கா மட்டும் வெகுநேரம் பார்த்தாள். "வயசானா இப்படித்தான் இருப்பீங்க. நல்லாத்தான் இருக்கு லா" என்று சுவரில் மாட்டினாள். அன்றோடு களிமண்ணை விட்டேன்; லினோவைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தானுக்கு இப்போது எழுபது. படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. எப்போது செய்தது என்று விருந்தாளிகள் கேட்டால், தம் வெள்ளை மீசையை நீவிக்கொண்டே சொல்வார்:

"போன மாசந்தான். நம்ம மாப்ள செஞ்சான்."