உங்கள் காரைப் பற்றி எழுதிய இரண்டு கடிதங்களையும் கிழித்துப் போடவும்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் தங்கை நலம், கார் நலம். இந்த மூன்றும் ஒரே வரியில் வருவது இந்த வருடத்தில் இதுதான் முதல் தடவை. அங்கே நீங்களும் அக்காவும் மகள் வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் இரத்த அழுத்தம் இறங்கியிருக்க வேண்டும் என்பது என் தினசரிப் பிரார்த்தனை. அதை ஏற்றிவிட்டதில் என் பங்கும் உண்டு என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில், போன மாதம் நான் எழுதிய இரண்டு கடிதங்களையும் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள். முக்கியமாக இரண்டாவதை. அதில், "ஊரை விட்டுப் போகிறவர் கழித்துக்கட்ட வேறு இடம் கிடைக்காமல் ஒரு மாவு மிஷினைத் தங்கை தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்" என்று ஒரு வரி இருக்கும். அதை எழுதும்போது எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, இருந்திருந்தால் பேனாவைப் பிடுங்கியிருப்பார்கள். நீங்களும் பதிலுக்கு, "பதினேழு வருஷம் என்னிடம் ஒரு குலுக்கல் குலுங்காத வண்டி, உங்கள் கைக்கு வந்ததும் ஏன் குலுங்குகிறது என்று யோசியுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து நான் குதித்த குதி உங்களுக்குத் தெரியாது. யோசித்திருக்கலாம் மச்சான். யோசிக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது உங்கள் தங்கைக்கு வாரம் மூன்று நாள், மூன்று மாதம், விடாமல் உடற்பயிற்சி வைத்தியம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நடுவில் நிறுத்தினால் நிமிர்ந்து நடப்பது சந்தேகம் என்றும், போய்வரும் வழியில் அலுங்கக் கூடாது என்றும் சொன்னார். அலுங்காமல் ஓட்டுவதைப் பற்றி என்னிடமா சொல்கிறீர்கள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவன், நின்றுகொண்டு வந்தவர்கள்கூடக் கம்பியைப் பிடிக்காமல் செய்தித்தாள் படித்த பஸ். சரியாக அந்த நேரத்தில் நீங்களும் உங்கள் காரை விட்டுவிட்டுப் போனீர்கள், கியர் தானாகவே மாறும், கிளட்ச் மிதிக்கிற வேலை இல்லை, ஏறி உட்கார்ந்தால் போதும் என்றீர்கள், நானும் உட்கார்ந்தேன், வண்டி கிளம்பியது, கியர் மாறியது, யாரோ பின்னாலிருந்து பிடரியில் தட்டியது போல ஒரு குலுக்கு. அடுத்த கியர், அடுத்த குலுக்கு. உங்கள் தங்கை இடுப்பில் அகலப் பட்டை, கழுத்தில் காலர், குனியவும் முடியாது, திரும்பவும் முடியாது, இரண்டு கையாலும் கதவுக்கு மேலே இருக்கிற பிடியைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் தொங்கிக்கொண்டே வந்தாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

மாடிவீட்டுக்காரரிடம் முறையிட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இணையத்திலேயே குடியிருக்கிற மனிதர். பழைய கார்க்காரர்கள் ஒன்றுகூடிப் பேசுகிற ஏதோ ஒரு இடத்தில் என் கஷ்டத்தை எழுதிப் போட்டு, வந்த பதில்களைப் பதினான்கு தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஒருவர் வால்வு என்றார், இன்னொருவர் எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் என்றார், மூன்றாவது ஆள் கியர்பாக்ஸையே இறக்கி மாற்ற வேண்டும் என்றார், நாலாவது ஆள் வண்டியை விற்றுவிடு என்றார், ஐந்தாவது ஆள் தன் காரில் கண்ணாடி ஏறமாட்டேன் என்கிறது, யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார். மிச்சத் தாள்கள் முழுக்க அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான்.

பதினோராவது தடவை போய்வந்த அன்று, உங்கள் தங்கை வீட்டு வாசலில் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "போதுங்க. நாளையிலேர்ந்து போகல. வைத்தியம் குடுக்கறத வழி எடுத்துக்குது" என்றாள். பதறிவிட்டேன். மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு, ரயில் பாலத்துக்குக் கீழே கியர்பாக்ஸ் வேலை மட்டும் பார்க்கிற ஒருவரிடம் போனேன். காதுக்காரர் என்று பெயர். நீள ஸ்குரூ டிரைவரை வண்டி மேல் வைத்து, பிடியில் காதை வைத்தே வியாதியைச் சொல்லிவிடுவார்.

"இந்தப் பெட்டிக்கு ஆயில் எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டார்.

"பெட்டிக்குத் தனியா ஆயில் உண்டா?" என்றேன்.

அவர் அடியில் படுத்துத் திறந்துவிட்டார். தார் மாதிரி இறங்கியது, கருகின வாசனை. பதினேழு வருடமாக ஒரு தடவைகூட மாற்றவில்லை என்றார். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை மச்சான், தகவலுக்காகச் சொல்கிறேன். புது ஆயில் ஊற்றி, வடிகட்டியையும் மாற்றினார். நிறுத்தின இடத்திலிருந்து கியர் போட்டதும் டொக்கென்று ஒரு சத்தம் வருமே, அது அன்றோடு போய்விட்டது. அவரே ஓட்டிக் காட்டினார், வெண்ணெய் மாதிரி போனது. வீட்டுக்கு நான் ஓட்டினேன், பழையபடி குலுக்கு. உங்கள் தங்கையைக் கெஞ்சி இன்னும் இரண்டு தடவை கூட்டிப்போனேன், இரண்டு தடவையும் குலுக்கு. திரும்ப அவரிடமே போய் நின்றேன்.

"ஐயா, வண்டியில ஒண்ணும் இல்ல."

"அப்ப நான் ஓட்டறப்ப மட்டும் ஏன் குலுங்குது? வண்டிக்கு ஆள் தெரியுமா?"

"தெரியுதே" என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. முப்பத்தொரு வருட சர்வீஸை எடுத்துவிட ஆரம்பித்தேன். அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். மனிதர் ஸ்குரூ டிரைவரையும் எடுக்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை, என் காலடியையே பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் தாண்டியதும் நிறுத்தச் சொன்னார்.

"இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில தள்ளிக்குங்க. இப்ப ஓட்டுங்க."

ஓட்டினேன். ஒரு கியர் மாறியது, இரண்டு மாறியது, மூன்று மாறியது. குலுக்கு இல்லை.

"இப்ப காலை எடுத்து எப்பவும் போல வையுங்க."

வைத்தேன். குலுங்கியது.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். எஞ்சின் சத்தம் ஏறினதும் கிளட்ச் மிதிக்க என் இடது கால் தானாகப் போகிறதாம். இந்த வண்டியில் கிளட்ச் ஏது, அந்தப் பக்கம் இருக்கிறது அகலமான பிரேக் ஒன்றுதான். ஒவ்வொரு தடவை கியர் மாறும்போதும் நான் சுத்தமாக, முறைப்படி, பிரேக்கை ஒரு அழுத்து அழுத்தியிருக்கிறேன். "உங்களுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்தாங்க, உங்க காலுக்குச் சொல்லலை போல" என்றார். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இத்தனை நாளும் பின்னால் வருகிற வண்டிகள் எல்லாம் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தன. பழைய பயணிகள் அடையாளம் கண்டு வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து எல்லோருக்கும் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

பட்டறையில் கிடந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்தது. பெட்டியை இறக்க வேண்டாம், வண்டியை விற்க வேண்டாம், அவள் வைத்தியத்தை நிறுத்த வேண்டாம். ஒரே ஒரு காலை மடக்கினால் போதும். மனுஷனுக்கு இதைவிட சுலபமான பரிகாரம் கிடைக்குமா?

அடுத்த செவ்வாய்க்கிழமை உங்கள் தங்கையை உட்காரவைத்து, இடது காலைச் சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். சந்தை வளைவு தாண்டியதும் மேலே இருக்கிற பிடியை விட்டாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் கண்ணை மூடித் தூங்குகிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். வால்வில் அழுக்கு அடைத்திருந்தது, எடுத்துவிட்டார்கள் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் நம்பிவிட்டாள். என் காலைப் பற்றிய விஷயம் உங்களோடு இருக்கட்டும். முப்பத்தொரு வருடம் அவளிடம் அளந்த பெருமை மிச்சம் இருக்கிற கொஞ்ச நாளைக்கும் நிற்கட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் ஆசி, குழந்தைகளுக்கு முத்தம். எல்லோரும் குலுங்காமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
காலை மடக்கியபடியே,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு. அண்ணா, நான்தான் எழுதுகிறேன். உங்கள் புது முகவரி இவருக்கு என்றைக்குத் தெரிந்தது? உறையில் எழுதச் சொல்லி கடிதத்தோடு என்னிடம்தான் கொடுத்தார், ஒட்டக்கூட இல்லை. பதிமூன்றாவது தடவை போய்வரும்போது கைக்குட்டை கீழே விழுந்தது. காலரையும் பட்டையையும் கழற்றின முதல் நாள், குனிந்தே எடுத்தேன் அண்ணா. எடுக்கும்போதுதான் இவருடைய இடது காலைப் பார்த்தேன். நான் சொன்னால் ஒரு வாரம் சாப்பிடமாட்டார், அதனால் ரசீதில் இருந்த எண்ணைப் பார்த்துப் பட்டறைக்குப் போன் போட்டு அந்தக் காதுக்காரரிடம் சொல்லி, தனியாகக் கூட்டிப்போய்ப் பக்குவமாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரியும் என்று இவருக்குத் தெரிய வேண்டாம். இன்னொன்று, செவ்வாய்க்கிழமை நான் தூங்கவில்லை. கண்ணைத் திறந்திருந்தால் "வலிக்குதா, வலிக்குதா" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார். மூடிக்கொண்டால்தான் ரோட்டைப் பார்க்கிறார்.