பூஜையில் உட்கார்ந்த ரிப்பேர் புத்தகம்

மெக்கானிகல் இன்ஜினியரிங் படித்தவனுக்கு ஸ்கூட்டர் ரிப்பேர் தெரியும் என்று ஊரே நம்புகிறது. எனக்குத் தெரியாது. அதை அன்றே ஒப்புக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

பட்டம் வாங்கி ஆறு மாதமாக மயிலாப்பூர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர், அதாவது அத்திம்பேர், எப்போது வந்தாலும் "நாலு வருஷம் என்னதான் சொல்லிக்கொடுத்தா?" என்பார். அவர் வாயை எப்படியாவது அடைக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு முதல் நாள், அவருடைய பழைய ஸ்கூட்டரை நானே சர்வீஸ் செய்து தருவதாக வாங்கி வந்தேன்.

"விஜயதசமி காலம்பற குழந்தையை அடையாறுல பாட்டு கிளாஸ்ல சேர்க்கணும். ஏழரைக்கு வண்டி வேணும்" என்றார்.

"நாளைக்கு மத்தியானமே ரெடி" என்றேன். (திமிர்தான்.)

லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் அதே வண்டிக்கான ரிப்பேர் புத்தகம் கிடைத்தது. ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம், படங்கள் அருமை. பூஜையன்று விடிந்ததும் வாசலில் பெட்ஷீட்டை விரித்து, படம் பார்த்துக் கழற்றத் தொடங்கினேன். கார்புரேட்டரோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் புரட்டிய பக்கத்திலெல்லாம் ஒரு படம் கூப்பிட்டது. பத்து மணிக்குச் சக்கரங்கள் சுவரில் சாய்ந்திருந்தன.

எண்ணெய் போகத் தேய்த்துக் குளித்து வர முக்கால் மணி ஆனது. அதற்குள் அம்மா பூஜையை முடித்திருந்தாள். (நல்ல நேரம் எனக்காகக் காத்திருக்காதாம்.) சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிய புத்தகங்களின் உச்சியில் என் ரிப்பேர் புத்தகம். பக்கத்தில் என் ஸ்பேனர்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

"அம்மா, அது எனக்கு வேணுமே."

"பூஜையில வெச்சதை இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம் எடுத்துக்கோ."

"அத்திம்பேர் வண்டி..."

"அதுக்கும் பொட்டு வெச்சுட்டேன். ஒண்ணு விடலை."

உண்மைதான். பெட்ஷீட்டில் கிடந்த ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனித்தனியாகப் பொட்டு. போனில் வீடியோ தேடினேன். அந்த வண்டியை ஏன் வாங்கக் கூடாது என்று விளக்கும் வீடியோ ஒன்றுதான் கிடைத்தது.

மத்தியானம் குடும்பத்தோடு சாப்பிட வந்த அத்திம்பேர் பெட்ஷீட்டின் ஓரத்தில் வெகுநேரம் நின்றார்.

"இதுல என் வண்டி எது?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலையில் புத்தகம் கைக்கு வந்த அரை மணியில் மாட்டிவிடுவதாகச் சத்தியம் செய்தேன். நம்பினாரோ இல்லையோ, அன்று எல்லோரும் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள்.

விஜயதசமி காலை ஆறு மணி. புனர்பூஜை முடிந்ததும் ஆளுக்கொரு புத்தகம் எடுத்து நாலு வரியாவது படிப்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் பாய்ந்து என்னுடையதை எடுத்தேன்.

"வாய்விட்டுப் படி, நானும் கேக்கறேன்" என்றார் அத்திம்பேர்.

'மறுபடி பொருத்தும் முறை' என்ற தலைப்பைத் தேடிப் பிடித்தேன். கீழே ஒரே ஒரு வரி இருந்தது: கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்யவும்.

"கழட்டின வரிசை ஞாபகம் இருக்கோல்லியோ?"

நான் கழற்றியதில் வரிசை என்று ஒன்று இருந்தால்தானே.

அவர்கள் ஆட்டோவில் அடையாறு போனார்கள். தெருமுனை மெக்கானிக் கோணியோடு வந்து, குங்குமம் அப்பிய பாகங்களைப் பார்த்து, "இன்னா சார், வண்டின்னு சொன்னாங்கோ. இங்க பிரசாதமா கீது" என்றார்.

இப்போது எனக்கு நல்ல வேலை (கம்ப்யூட்டரில்தான், கழற்ற ஒன்றுமில்லை). அத்திம்பேர் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தவறாமல் சாப்பிட வருகிறார். புது வண்டியை மட்டும் இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்து வருகிறார். ஏன் என்று கேட்டால் அங்கே நிழல் இருக்கிறதாம். எங்கள் வாசலில் இரண்டு வேப்பமரம் இருக்கிறது.