நீலம் எரிந்தால் சம்மதம்

தாரகா தும்மிய வேகத்தில் மேசையில் அடுக்கியிருந்த விளம்பரத் தாள்கள் இரண்டு பறந்துபோய்க் கீழே விழுந்தன. லண்டன் குறொய்டனில் இருந்த அந்த மின்சாதனக் கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களோ தம்பி, இதுதான் பிரச்சினை" என்றார் சபாரத்தினம். "மரம் பூக்கத் தொடங்கினால் இவளுக்குத் தும்மல். இலை கொட்டுமட்டும் நிக்காது. காத்தைச் சுத்தமாக்கிற மெஷின் ஒண்டு வேணும்."

விற்பனையாளர் நரசிம்மன் சென்னைக்காரர். தமிழ்க் குரலைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ரெண்டு இருக்கு சார். இது விலை ஜாஸ்தி. ஆனா மாத்துற பில்டர் மலிவு. அது விலை கம்மி. ஆனா பில்டர் வந்து..."

"அது காணும். அதைக் கட்டுங்கோ."

"சார், மெஷினை ஒரு தடவைதான் வாங்குவீங்க. பில்டரைத் திரும்பத் திரும்ப வாங்கணும். அந்த விலையை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அப்பா, அவர் சொல்லுறதைக் கேளுங்கோவன்" என்றாள் தாரகா.

"பிள்ளை, நான் இருபது வருசமா பஸ் ஓட்டுறன். மெஷின்ர குணம் எனக்குத் தெரியும். வடிவாப் பாவிச்சால் எந்தச் சாமானும் நிண்டு பிடிக்கும்."

அன்று மாலையே மோர்டனில் இருந்த அவர்களுடைய வீட்டுக் கூடத்து மூலையில் மெஷின் குடியேறியது. வெள்ளை நிறம், இடுப்பளவு உயரம், நெற்றியில் ஒரு சின்ன விளக்கு. காற்று நல்லதென்றால் நீலம். கெட்டதென்றால் சிவப்பு. நீலத்தில் அது இருப்பதே தெரியாது. சிவந்தால் விமானம் எழும்புவதுபோல் இரைந்தது.

சமையலறையில் அவர் மனைவி தவமலர் செத்தல் மிளகாயை எண்ணெயில் போட்டாள். இடையில் இரண்டு கதவுகள், இரண்டும் சாத்தியிருந்தன. கூடத்தில் இருந்த சபாரத்தினத்துக்கு ஒரு மணமும் வரவில்லை. ஆனால் மெஷின் சிவந்தது.

அவர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். மிளகாய்க் காரம் அவருடைய மூக்குக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

"தவம்! இஞ்சை ஓடி வாரும்! எனக்குத் தெரிய முந்தியே இதுக்குத் தெரிஞ்சு போச்சு!"

"மிளகாய் கருகுதப்பா, விடுங்கோ."

"கருகட்டும்! எப்பிடி அறிஞ்சது எண்டு பாரும்!"

அன்று முதல் வருகிறவர்களையெல்லாம் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது அவருடைய வழக்கமாயிற்று. வேலைக்குப் போகும்போது கூட ஒரு தரம் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். கோயில் வாசலில் நிற்கும் ஆள் மாதிரி அவர் முகம் இருந்தது.

கோடை தொடங்க முன்பே பில்டர் மாற்றச் சொல்லும் விளக்கு எரிந்தது. கடைக்குத் தொலைபேசி எடுத்தார். நரசிம்மன் விலையைச் சொன்னதும் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றித் திரும்பக் கேட்டார். அந்தக் காதிலும் அதே விலைதான்.

"தம்பி, நான் மெஷின்ர விலையைக் கேக்கேல்லை. பில்டர்ர விலை."

"பில்டர் விலைதான் சார் சொன்னேன்."

சபாரத்தினம் படியில் உட்கார்ந்துவிட்டார். கணக்கு அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. சிவப்பு எரிந்தால் மெஷின் கூடுதலாக வேலை செய்யும். கூடுதலாக வேலை செய்தால் பில்டர் கெதியில் ஊத்தையாகும். ஆகவே இந்த வீட்டில் இனிச் சிவப்பு எரியக் கூடாது.

முதலில் பொரியலைத் தடை செய்தார். பிறகு சாம்பிராணியை. பிறகு அடுப்பையே தோட்டத்துக் கொட்டிலுக்கு மாற்றினார். சட்டி பானையோடு தவமலர் புல்லுக்கு மேலால் நடக்க வேண்டியிருந்தது. அவளுக்கு உதவப் போன தாரகா, பூத்து நின்ற புல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் நின்று முன்னரைவிட இரண்டு மடங்கு தும்மினாள்.

"தும்மலுக்கு மெஷின் வாங்கினனீங்கள். இப்ப மெஷினுக்காகப் பிள்ளை தும்முது" என்றாள் தவமலர்.

அடுத்து, பழைய பில்டரைக் குளியல் தொட்டியில் போட்டு ஷாம்பூ ஊற்றிக் கழுவிக் கொடியில் காயவிட்டார். மடிப்பு மடிப்பாக இருந்த தாள், வெயிலில் அப்பளம்போல் நெளிந்தது. அமத்திப் பிடித்து உள்ளே தள்ளி மெஷினைப் போட்டார். நனைந்த ஆட்டு மணம் வீடு முழுக்கப் பரவியது. மெஷின் தன் வயிற்றிலிருந்து வந்த மணத்தைத் தானே பிடித்து, அன்று முழுவதும் சிவந்து இரைந்தது. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு புது பில்டர் வாங்கினார். அதை உறை பிரித்துப் போட்டார். நீலம் எரிந்தது. அவருக்குக் கண் கலங்கியது.

அந்தச் சமயத்தில்தான் தாரகாவுக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கினார்கள். அவள் படித்து முடித்து ஒரு மருந்துக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள்.

முதலில் வந்தவன் சிவதர்ஷன். ஹரோவில் கணக்காளர். கூடத்தைத் துடைத்து, அடுப்பை அணைத்து, எல்லாம் ஆயத்தம். சபாரத்தினம் கோட் சூட்டில், தலையைப் படிய வாரி, கல்யாணம் தனக்குத்தான் என்பதுபோல் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வாசல் மணி அடித்தது. மாப்பிள்ளையும் பெற்றோரும் வந்து உட்கார்ந்தார்கள்.

மெஷின் சிவந்தது. இரைந்தது.

"இது என்ன சத்தம்?" என்று மாப்பிள்ளையின் அப்பா கத்தினார்.

"காத்து! காத்தைச் சுத்தமாக்குது!"

"நாங்கள் சாதகம் கொண்டந்தனாங்கள்!"

"சாதமோ? ஏன் உந்தக் கஷ்டம்! இஞ்சை சமைச்சிருக்கெல்லோ!"

இப்படியே பேச்சு நடந்தது. அவர்கள் தொண்டை கட்டிப் போனார்கள். அந்தக் கிழமையே செய்தி வந்தது: சிவதர்ஷனுக்கு டொரொன்டோவில் ஒரு பெண்ணோடு ஏற்கெனவே பதிவுத் திருமணம் முடிந்திருந்தது. தாய் தகப்பனுக்கே தெரியாது.

சபாரத்தினம் போய் மெஷினுக்கு முன்னால் நின்றார். கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன.

"அவன்ர தாய்க்குத் தெரியேல்லை. உனக்குத் தெரிஞ்சிருக்குது."

"அப்பா, அது மாப்பிள்ளை பாக்கிற மெஷின் இல்லை. காத்துப் பாக்கிற மெஷின்" என்றாள் தாரகா.

"ஆள் எங்கை இருந்து மூச்சு விடுறான்? காத்துக்குள்ளைதானே பிள்ளை."

இரண்டாவதாக வந்தவர் பல் வைத்தியர். அமைதியான பிள்ளை. சபாரத்தினம் அதே கோட் சூட்டில் கதவைத் திறந்து அழைத்து வந்தார். பிள்ளை உட்கார முன்பே சிவப்பு.

சபாரத்தினம் உட்காரவில்லை. "தம்பி, குறை நினையாதேங்கோ. பில்டர் விலை உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லி, வந்த வழியே கொண்டுபோய்க் காருக்குள் ஏற்றிவிட்டார்.

"அந்தப் பிள்ளையில என்ன பிழை?" தவமலர் அழாக்குறையாகக் கேட்டாள்.

"இன்னும் தெரியேல்லை. தெரிய வரும்."

ஒன்றும் தெரிய வரவில்லை. அந்த வைத்தியருக்குப் பக்கத்து ஊரான மிட்சத்தில் பெண் கிடைத்து, அவர்கள் சந்தோஷமாக இருப்பதாக ஆட்கள் சொன்னார்கள். "நல்லா மறைச்சு வச்சிருக்கிறான்" என்றார் சபாரத்தினம்.

மூன்றாவது துஷாந்தன். டென்மார்க்கிலிருந்து வந்து மிட்சத்தில் குடியிருக்கும் குடும்பம். வீடுகளுக்கு ஹீட்டிங் பூட்டும் தொழில். அவன் வருகிற நாளில் சபாரத்தினத்தின் ஷிப்ட் இழுபட்டுவிட்டது. பாதையில் எங்கோ குழாய் வெடித்து, பஸ்கள் எல்லாம் சுற்றி ஓடின. முகம் கழுவவும் நேரமில்லாமல், பஸ் சாரதிச் சீருடையோடு ஓடி வந்து கதிரையில் விழுந்தார். துஷாந்தனும் அவன் தமக்கையும் ஏற்கெனவே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் துஷாந்தனைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தார்.

நீலம்.

தேத்தண்ணி முடிந்தது. நீலம். பலகாரம் முடிந்தது. நீலம். துஷாந்தன் எழுந்து மெஷினுக்குப் பக்கத்திலேயே போய்க் குனிந்தான். சபாரத்தினத்துக்கு மூச்சு நின்றுவிட்டது. அப்போதும் நீலம்!

"நல்ல மெஷின் மாமா. இதின்ர பில்டர் என்ன விலை?"

லண்டன் மாநகரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதன் இவன்தான். சபாரத்தினம் விலையைச் சொன்னார். துஷாந்தன் உண்மையான துக்கத்தோடு தலையை ஆட்டினான்.

"எனக்குச் சம்மதம்" என்றார் சபாரத்தினம்.

"உங்களுக்கோ?" என்றாள் தவமலர். "பிள்ளையைக் கேக்க வேண்டாமோ?"

தாரகாவும் துஷாந்தனும் தோட்டத்தில் போய் நின்று வெகு நேரம் கதைத்தார்கள். அவள் இடையிடையே தும்மினாள். ஒவ்வொரு தும்மலுக்கும் அவன் பேச்சை நிறுத்திக் காத்திருந்தான். சிரிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. உள்ளே வந்தபோது அவள் தாயிடம் "ஓம்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த தவமலருக்கு வேறொன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

கல்யாணக் காலை வந்தது. அந்த நாளுக்கென்றே புது பில்டர் போட்டிருந்தது. கூடத்தில் கூறைச் சேலைக்கு முந்திய பட்டுச் சேலையோடு தாரகா, தவமலர், பூவும் நகையுமாக மூன்று மாமிமார், அவர்களை ஓடி ஓடிப் படம் பிடித்துக்கொண்டு வீடியோக்காரர் யாக்கோப்பு. மெஷின் நல்ல நீலமாக நின்றது. வாசலில் கார் காத்திருந்தது.

சபாரத்தினம் பட்டு வேட்டி சால்வையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

மெஷின் சிவந்தது. எப்போதும் இல்லாத அளவுக்கு இரைந்தது.

அவர் முகத்தில் இரத்தம் இல்லாமல் போய்விட்டது.

"காரை நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றார்.

"என்னப்பா விசர்க்கதை!" என்றாள் தவமலர்.

"பொறும். இவையிலை ஆரோ ஒராள்தான்." மாமிமாரை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார். முதல் மாமி போனாள், சிவப்பு. இரண்டாமவள் போனாள், சிவப்பு. மூன்றாமவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். சிவப்புத்தான்.

"அப்ப மாப்பிள்ளையில ஏதோ இருக்குது. கடைசி நேரத்திலை எண்டாலும் இது காட்டிக் குடுக்குது."

தாரகா எழுந்து நின்றாள். அவள் குரல் தணிந்திருந்தது. "அப்பா, நான் ஓமெண்டு சொன்னது மெஷினைக் கேட்டில்லை. நிப்பாட்டுறதெண்டால் இந்த மெஷினை நிப்பாட்டுங்கோ."

சபாரத்தினத்துக்கு மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மெஷினையும் விட முடியவில்லை. கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போனார்.

"தம்பி துஷாந்தன், உண்மையைச் சொல்லும். எனக்கு மறைச்சது ஏதும் இருக்கோ?"

மறுபக்கத்தில் துஷாந்தன் தொண்டையைச் செருமினான்.

"ஓம் மாமா, ஒண்டு இருக்குது."

சபாரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கலியாணம் முடிய உங்களுக்குக் குடுப்பம் எண்டு நாலு பில்டர் வாங்கி வச்சிருக்கிறன். அக்கா சொல்லிப்போட்டாவோ?"

சபாரத்தினத்துக்குக் கண்ணீர் வந்தது. யன்னல் கண்ணாடியூடாக உள்ளே பார்த்தார். மெஷின் இரைச்சல் அடங்கி, விளக்கு மெல்ல மெல்ல நிறம் மாறி, வானம் வெளிப்பதுபோல் நீலமாகிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்ன உடனே! மிட்சத்தில் ஒருவன் பேசியது மோர்டனில் நிற்கிற மெஷினுக்குக் கேட்டிருக்கிறது! அவருக்கு மேனி புல்லரித்தது.

உள்ளே ஓடினார். "தங்கமான பிள்ளை! தவம், நாலு பில்டர்! எங்கட மாப்பிள்ளை..." என்று மகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

மெஷின் சிவந்தது.

சபாரத்தினம் அதன் முன்னால் போய், "இனி என்னப்பனே பிழை? வாய் திறந்து சொல்லு" என்று கேட்டேவிட்டார். அது இன்னும் பலமாக இரைந்தது.

யாக்கோப்பு கமெராவை இறக்கி வைத்தார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரைச்சலுக்கு மேலால் சொன்னார்:

"அண்ணை, நீங்கள் வெளியில போனால் நீலம், உள்ளுக்கு வந்தால் சிவப்பு, நல்ல காரியமெண்டால் உந்த சென்ட்டை எப்பவும் இப்பிடித்தான் போத்தலோட ஊத்திறனீங்களோ?"